பனிக்காலக் கோழிப் பராமரிப்பு: ஆமத்தூர் வட்டாரம்

பல இனமும் பல வயதுமான கோழிகளை ஒரே கொட்டகையில் அடைப்பவர்கள் மார்கழி பிறந்ததும் சூட்டுக்கு எத்தனை பல்பு போடலாம் என்றே யோசிக்கிறார்கள். விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியிலுள்ள ஆமத்தூர் போன்ற கரிசல் ஊர்களில் வளர்ந்த கோழிக்கு பல்பு தேவையே இல்லை. காய்ந்த தரைதான் தேவை. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகை உப்பவைத்து இடையில் காற்றைத் தேக்கியும், ஒற்றைக் காலை வயிற்றிறகுக்குள் இழுத்துக்கொண்டும் அது தன் சூட்டைக் காக்கிறது. இங்கே பனிக்கால இரவின் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். உறைபனி விழும் உதகையிலும்கூட நனையாத கோழி விளக்கின்றி இரவைக் கடந்துவிடும். ஆனால் இறகு நனைந்தால் அதற்குள் காற்று தங்காது. அந்தக் கோழி 20 டிகிரியிலேயே நடுங்கும்.

ஈரம் இங்கே எளிதில் வந்து சேர்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கரிசல் மண்ணோ குடித்த நீரைச் சீக்கிரம் விடாது. பனி இறங்கும்போது கொட்டகைத் தரை ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். அப்போது வாடைக்கு அஞ்சி நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டினால், ஈரக் கூளத்தில் எச்சம் அழுகி அம்மோனியா கிளம்பும். கண்ணில் நீர் வடியும், மூச்சு கரகரக்கும். ரத்தக்கழிச்சல் கிருமிக்கும் அந்த வெதுவெதுப்பும் ஈரமும் தோதானவை. குளிர் தாங்காமல் செத்தது என்று சொல்லப்படும் கோழிகளில் பல இப்படி அடைத்து வைத்ததால் செத்தவை என்றே கருத வேண்டும். தரையை மேடாக்கி, நெல் உமியோ கடலைத்தோலோ பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். வடக்குப் பக்கத்தில் மட்டும், கோழி அடையும் உயரம்வரை சாக்குப் படுதா போதும். கூரைக்கடியில் உள்ள இடைவெளியை மூடவே கூடாது.

குஞ்சுகளுக்குச் சூடு வேண்டாமா என்ற மறுப்பு நியாயமானது. இறகு முளைக்காத குஞ்சால் தன் சூட்டைக் காக்க முடியாது. தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். குண்டு பல்பானால் குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும்: பல்புக்கடியில் குவிந்து கீச்சிட்டால் சூடு போதவில்லை, சுற்றி வளைத்த தகட்டின் ஓரம் ஒதுங்கி வாய் திறந்தால் மிகுதி, பரவலாகப் படுத்திருந்தால் சரி. குவியலின் அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் சாகும். குஞ்சுகளின் இந்தச் சூட்டுக் காப்பிடத்தைப் பெரிய கோழிகளோடு சேர்க்காமல் தனியே அமைக்க வேண்டும். சண்டை இனமான அசீல் சேவலின் கொத்து குஞ்சைக் கொன்றுவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பல்பு என்பது கலப்பு வளர்ப்பில் உதவாத ஏற்பாடு. ஓலைக் கூரையும் காய்ந்த உமியும் உள்ள இடத்தில் பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்ட வேண்டும். பட்டாசுத் தொழில் நடக்கும் இவ்வூர்களில் தீயின் வேகத்தை விளக்கத் தேவையில்லை. நான்காம் வாரத்தில் முதுகு இறகு மூடியதும் இரவில் மட்டும் சூடு காட்டி, அடுத்த வாரம் அதையும் நிறுத்திவிடலாம்.