மூன்றாவது முடி

ராஜராஜ சோழனுக்கு மும்முடிச் சோழன் என்று ஒரு விருதுப் பெயர் உண்டு. சேர, சோழ, பாண்டிய முடிகள் மூன்றையும் ஒரே தலையில் தாங்கியவன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நம் காலத்திலும் மும்முடி தரித்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். யானைப் படையும் குதிரைப் படையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பச்சைத் துணி விரித்த ஒரு மேஜை, 22 பந்துகள், கையில் ஒரு கோல், அவ்வளவுதான். ஸ்னூக்கர் ஆட்டக்காரர்களைத்தான் சொல்லுகிறேன்.

சீமை ஆட்டம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். இது பிறந்ததே நம் தேசத்தில்தான். 1875-ல் ஜபல்பூரில், பொழுது போகாமல் தவித்த பட்டாள அதிகாரிகளிடையே நெவில் சேம்பர்லின் என்ற இளைஞர் இதைத் தொடங்கி வைத்தார். (பின்னாளில் பிரதம மந்திரியான சேம்பர்லின் வேறு.) அதன் சட்டதிட்டங்கள் ஒழுங்குபட்டுச் சுவரில் ஏறியது, நமது உதகமண்டலம் கிளப்பில்!

ஆனால் முடி சூட்டும் வழக்கம் இங்கிலாந்தில்தான் ஏற்பட்டது. 1927-ல் ஜோ டேவிஸ் என்பவர் முயன்று முதல் உலகப் போட்டியை நடத்தினார். அவரே வென்றார். பரிசு ஆறு பவுன் பத்து ஷில்லிங். 1946 வரையில் 15 தடவை அந்தப் பட்டம் அவருடையது. அதில் தோல்வி என்பதையே அறியாமல் விலகிக்கொண்டார். இருந்தும் மும்முடி தரித்தவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம் எளியது. அவர் உலகப் பட்டத்துக்கு ஆடிய நாளில் மற்ற இரண்டு முடிகளும் பிறக்கவே இல்லை. மாஸ்டர்ஸ் போட்டி 1975-லும், யு.கே. சாம்பியன்ஷிப் 1977-லும்தான் வந்தன.

மூன்றையும் வெல்வது ஏன் அத்தனை அருமை? மூன்றும் மூன்று விதமான மனிதரைக் கேட்கின்றன என்பதே என் எண்ணம். ஷெஃபீல்டு நகரில் நடக்கும் உலகப் போட்டி 17 நாள் தவம். இறுதி ஆட்டத்தில் 18 பிரேம்கள் ஜெயித்தாக வேண்டும். மாஸ்டர்ஸுக்கோ உலக வரிசையில் முதல் 16 பேருக்குத்தான் அழைப்பு. முதல் நாளே சிங்கத்தின் எதிரில் நிற்க வேண்டும். ஆட்டமும் சிறியது, தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் இராது. யு.கே. போட்டியிலோ பெயர் தெரியாத இளைஞன் ஒருவன் வந்து பெரியவர்களைக் கவிழ்த்துவிடுவான். 1993-ல் அப்படி வென்ற ரானி ஓ'சல்லிவனுக்கு அப்போது 18 வயது நிரம்பவில்லை.

முதன்முதல் மும்முடியும் தரித்தவர் ஸ்டீவ் டேவிஸ். (ஜோ டேவிஸுக்கு உறவல்ல.) 1980-ல் யு.கே., 1981-ல் உலகப் பட்டம், 1982-ல் மாஸ்டர்ஸ். 1987-88-ல் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்று காட்டினார். அந்த வித்தையை ஸ்டீபன் ஹெண்ட்ரி இரு முறையும், மார்க் வில்லியம்ஸ் 2002-03-லும் செய்தார்கள். 2019-ல் ஜட் டிரம்ப் சேர்ந்தபோது மும்முடியாளர் தொகை பதினொன்று ஆயிற்று.

கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பதினொருவரைக் காட்டிலும் வெளியே நிற்கும் ஒருவர்மீதுதான் கண் போகிறது. அவர் ஜிம்மி ஒயிட். லண்டன்காரர், ஜனங்களின் செல்லப்பிள்ளை. 1984-ல் மாஸ்டர்ஸ் வென்றார், 1992-ல் யு.கே. வென்றார். உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு ஆறு முறை வந்தார். ஆறு முறையும் தோற்றார்! 1992-ல் 14-8 என்று முன்னிலையில் இருந்தவர், அதன் பிறகு ஒரு பிரேம்கூட எடுக்கவில்லை. 1994-ல் அவருடைய 32-வது பிறந்த நாள். எதிரே அதே ஹெண்ட்ரி. 17-17. கடைசி பிரேமிலும் ஒயிட்தான் முன்னால் இருந்தார். சாதாரணமான ஒரு கறுப்புப் பந்து. வேறு எந்த நாளானாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார். அன்று அது குழியின் வாயில் மோதித் திரும்பிவிட்டது. ஹெண்ட்ரி எழுந்து வந்தார்; மேஜையிலிருந்த மிச்சத்தை முடித்துக்கொண்டு போனார்.

ஒயிட்டுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஒரு பந்தை மன்னித்து அவருக்கும் ஒரு முடி கொடுத்தால் என்ன என்று நம் மனம் கேட்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்பால் கொடுக்கக்கூடிய முடியாக இருந்தால், அது கைக்கு வராமற்போனதற்காக யாராவது ஏங்குவார்களா? ஜிம்மி ஒயிட் போன்ற ஒருவருக்கே அது கிட்டவில்லை என்பதனால்தான், அந்தப் பதினொருவர் தலையில் இருப்பது பொன் என்று நமக்குத் தெரிகிறது.