உடுக்கையும் ஒலிநாடாவும்

பொன்னர் சங்கர் கதை கொங்குச் சீமையில் பாடப்படுகிறது என்று சொன்னால், புத்தகத்தில் உள்ள ஒரு கதைக்கு மெட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றிவிடும். விஷயம் நேர்மாறானது. பாட்டுத்தான் முதலில். அச்சு மிகப் பின்னால் வந்தது. சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து காங்கயம், தாராபுரம் வரை, அண்ணன்மார் கோயில் உள்ள ஊர்களில் ஒருவர் உடுக்கையை அடித்துப் பாட, இன்னொருவர் பின்பாட்டுப் பாட, ஊர் உட்கார்ந்து கேட்கும். ஒரு ராத்திரியில் முடியாது. குன்னுடையாக் கவுண்டரில் தொடங்கி, தாமரை தவம் போய், பிள்ளைகள் பிறந்து, தலையூர்க் காளியோடு பகை முற்றி, படுகளம் வருவதற்குள் எத்தனையோ இரவுகள் கழிந்துவிடும். இரவை அளவாகக் கொண்ட ஒரு வடிவத்தை நிமிஷத்தை அளவாகக் கொண்ட ஒரு தட்டில் அடைக்கும்போது எது போகிறது, அதைப் போகச் சொல்வது யார்? நம் விமர்சகர்கள் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிரதி பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஒலிப்பதிவும் ஒரு பிரதி என்ற நினைப்பு நமக்கு வரவில்லை.

1902இல் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்குப் பதிவு இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார். கௌஹர் ஜான் பாடினார். அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக்கு இந்தியக் காதுகளின் அளவுகோல் ஏறக்குறைய மூன்று நிமிஷம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அதற்கு மேல் பிடிக்காது. விடிய விடிய நடந்த நாடகங்களும் சில தட்டுகள் கொண்ட 'செட்'டுகளாகச் சுருங்கின. இந்தச் சுருக்கத்தில் முதல் பலி காப்புப் பாட்டு. உடுக்கடிக்காரர் எடுத்த எடுப்பில் கதைக்கு வரமாட்டார். பிள்ளையாரை அழைக்க வேண்டும், ஊர்த் தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைக்க வேண்டும், குருவைச் சொல்ல வேண்டும். பதிவு செய்பவனுக்கு அது முன்னுரை, வெட்டிவிடலாம். பாடுகிறவருக்கோ அவர்கள் வந்து உட்காராமல் கதையே கிடையாது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷமான முரண் உண்டு. ஒலிப்பதிவு இயந்திரம் எட்டாத ஊர் அல்ல சேலம். 1930களின் நடுவில் திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938இல் அங்கிருந்துதான் வந்தது. 1963இல் அவர் இறக்கும் வரை பாட்டும் வசனமும் அந்த வளாகத்தில் ஓயாமல் பதிவாகிக்கொண்டிருந்தன. சில மைல் தள்ளிக் கோயில் வாசல்களில் உடுக்கை ஒலித்துக்கொண்டிருந்தது. ஸ்டூடியோவைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஒரு ஆலை, தனக்கு வேண்டிய சரக்கைத்தான் வாங்கும். நாடக மேடையிலிருந்து வந்த சங்கீதம் அதற்குப் போதுமாயிருந்தது.

அமெரிக்காவில் 'கண்ட்ரி' என்று இன்று சொல்லப்படும் இசை தட்டில் ஏறிய விதத்தை இங்கே பார்ப்பது உதவும். 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை, டென்னஸி எல்லையிலுள்ள பிரிஸ்டல் என்ற சிற்றூரில் விக்டர் கம்பெனியின் ரால்ஃப் பீர் தற்காலிக ஸ்டூடியோ ஒன்றைப் போட்டார். மலைக்காட்டு ஊர்களிலிருந்து 19 குழுக்கள் வந்து 76 பாட்டுகளைப் பதிவு செய்தன. கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அந்த இரண்டு வாரங்களில் கிடைத்தவர்கள். பாட்டு ஒன்றுக்கு 50 டாலர், பிறகு உரிமைத் தொகை. உரிமை என்று வந்துவிட்டால் பாட்டுக்கு ஒரு சொந்தக்காரன் தேவைப்படுகிறான். ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைத் திரட்டித் தன் பெயரில் பதிந்துகொண்டார். பிறகு அவர் கூடவே அலைந்து மெட்டுகளை மனத்தில் வாங்கிவந்து கொடுத்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். தட்டில் அவர் பெயர் இல்லை. கம்பெனி விலைப்பட்டியலில் வெள்ளையருக்கு 'ஹில்பில்லி', கறுப்பருக்கு 'ரேஸ்' என்று இரண்டு பகுதிகள். ஒரே மெட்டு, ஒரே கிட்டார், இரண்டு பந்தி. 1949இல் பத்திரிகைகள் பெயரை மாற்றின. பந்தி மாறவில்லை. இது நமக்குப் புரியாத சமாச்சாரமா?

கொங்கில் அப்படியொரு வியாபாரி வரவில்லை. வந்தவர் ஒரு மாணவி. ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். 1965இல் ராமசாமி என்ற பாடகர் ஊரார் முன் இரவுக்கு இரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை அவர் நாடாவில் பிடித்தார். முப்பது மணி நேரத்துக்கும் மேல். நம் நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளோடு இதை ஒப்பிட வேண்டும். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வந்தது. மகத்தான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அச்சில் மெட்டு இல்லை, மூச்சு இல்லை, கேட்டவன் சொன்ன 'ஆமா' இல்லை. 1971இல் சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை'யும் புத்தகம்தான்.

பெக் செய்த காரியத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது நாடாவின் நீளம் அல்ல. அதே ராமசாமியை அதே கதையை, பாட்டும் கூட்டமும் இல்லாமல், எழுதுகிறவர் ஒருவருக்குச் சொல்லவும் வைத்தார். ஒரே வாயிலிருந்து இரண்டு கதைகள். 1982இல் வெளியான 'தி த்ரீ ட்வின்ஸ்' நூலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பாடப்பட்டதற்கும் சொல்லப்பட்டதற்கும் உள்ள வித்தியாசம் ஞாபகப் பிசகால் வருவதல்ல. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் வருவது. எது மூலம் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையைத் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டது. ஊருக்கு வந்தது அச்சு. ஒலி ஆய்வாளர்களிடம் போயிற்று.

ஊர் தன் ஒலியைத் தானே செய்துகொண்டது கேசட் வந்த பிறகு. பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அறிமுகம் செய்த அந்தச் சிறு பெட்டி, வளைகுடா போய் வந்தவர்கள் கையில் டேப் ரிக்கார்டராக எண்பதுகளில் சமவெளியெங்கும் பரவிவிட்டது. லாரித் தொழில் உள்ள நாமக்கல், திருச்செங்கோட்டில் கேட்கவே வேண்டாம். சீட்டில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் ரிக்கார்டிங் கடை இல்லாத பஸ் ஸ்டாண்ட் இல்லை. அப்படி ஒரு கடையில், சினிமாப் பாட்டு வரிசைக்குக் கீழே, பெயர் பேனாவால் எழுதிய அண்ணன்மார் கேசட்டுகளை எண்பதுகளின் நடுவில் நான் வாங்கினேன். கம்பெனி முத்திரை கிடையாது. யாரோ ஒரு மைக் செட்காரர் கோயில் நோம்பியில் பதிந்தது. அதைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியைப் பிரதியெடுத்து விற்றார்கள். அதன் 'வெளியீடு' அவ்வளவுதான்.

சாதாரண டேப் ரிக்கார்டர் ஒலியின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கி ஒரு அடி விழுந்தால் பாடகரின் குரல் சட்டென்று பள்ளத்தில் இறங்கிவிடும். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் இயந்திரம் பதறிப்போய்ச் சுவர்க்கோழிச் சத்தத்தை, குழந்தை அழுகையை, யாரோ பீடிக்கு நெருப்புக் கேட்பதை எல்லாம் தூக்கிக் கொடுக்கும். கெட்ட பதிவுதான். ஆனால் நல்ல ஸ்டூடியோவில் சுத்தமாக எடுத்துப் பின்னாளில் வந்த பதிவுகளைக் கேட்டபோது எனக்கு அந்த பீடிக்காரர் இல்லாத குறை தெரிந்தது. அவற்றில் உடுக்கையோடு ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்திருந்தன, 'அன்னக்கிளி'க்கு (1976) அப்புறம் கிராமம் என்றால் இப்படித்தான் ஒலிக்கவேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். இளையராஜாவின் மேதைமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மேதைமைக்குப் பின்னால் வருகிறவர்கள் அதையே அச்சாக்கிவிடுகிறார்கள். இந்தக் கதையைக் கருணாநிதி நாவலாக்கினார், 2011இல் அது சினிமாவும் ஆயிற்று. அவை வேறு கணக்கு.

ராசிபுரம் பக்கம் ஒரு டீக்கடையில் இந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது, பெஞ்சியில் இருந்த பெரியவர் ஒருவர் கடைக்காரப் பையனைக் கூப்பிட்டார். "கண்ணு, படுகளம் வர்றதுக்குள்ள நிறுத்திப்போடு. இங்க ஆராச்சும் உளுந்துட்டா ஆரு எழுப்பறது?" பையன் நிறுத்திவிட்டான். கோயிலில் படுகளத்தின்போது அருள் வந்து விழுகிறவர்களைத் தங்காள் வந்து எழுப்ப வேண்டும். அதற்கு ஆள் உண்டு, தண்ணீர் உண்டு, முறை உண்டு. பாட்டு அந்த முறையின் ஒரு கை. கேசட்டில் விழ வைக்கும் பாதி மட்டும் இருக்கிறது. பெரியவர் பேசியது அழகியல் அல்ல, ஆனால் ஒலிப்பதிவு குறித்து நான் கேட்ட விமர்சனங்களில் அதைவிடக் கறாரானது கிடையாது.

அந்தக் கேசட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. சி-90, பக்கத்துக்கு 45 நிமிஷம். நாடா தீரப்போகிறது என்று பாடகருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருப்பாரா என்பது வேறு. மூன்றாவது கேசட்டின் முதல் பக்கம், அண்ணன் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் பாதிச் சொல்லோடு நிற்கிறது. அவள் என்ன கேட்டாள் என்பது நாடாவைத் திருப்பிப் போடுவதற்குள் போய்விட்டது. மறுபக்கம் அண்ணன் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.