இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலம்

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்பது உதகமண்டலத்தில் இயங்கிய நடுவண் அரசின் ஒளிப்படச் சுருள் ஆலை ஆகும். 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. வெள்ளி உப்புப் பூச்சில் தூசு விழுந்தால் படம் கெடும். அதற்கு உகந்ததாக இருந்தது குளிர்ந்த, தூய மலைக்காற்று. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களும் மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் வெளிவந்தன. ஆலைப் பகுதிக்கும் இந்து நகர் என்றே பெயர்.

ஆலையின் வீழ்ச்சிக்கு எண்ணிமக் கேமராவை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. வண்ணப்படக் காலத்திலேயே பின்தங்கிய ஆலை, 1996இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் பரவிய எண்ணிம ஒளிப்படமும் எண்ணிம எக்ஸ்ரேயும் அது மீளும் வழியை அடைத்தன. படம் கழுவும் கூடங்களிலிருந்து வெள்ளி கலந்த இரசாயன நீர் வெளியேறுவது எங்கும் குறைந்தது, சூழலுக்கு நல்லதே. ஆனால் தேயிலையைத் தவிரப் பெருந்தொழில் அரிதான மாவட்டத்தில், நிரந்தர வேலை தந்த ஆலை போயிற்று. எஞ்சியிருந்த தொழிலாளர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்திற்கு 2014இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.