ஜவ்வாது மலையும் கேசட் காரும் நீலப்பல் ராசாவும்

மக்களே, வண்டியில இருக்கிற பழைய கேசட் செட்டைக் கழட்டி காயலான் கடையில போட நினைக்கிறவங்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரம் படிச்சுட்டு அப்புறமா முடிவு பண்ணுங்க.

1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகம் செய்தது. 1968-லேயே அது காருக்குள்ள ஏறிடுச்சு. நம்ம ஊர்ல அம்பாசடர், மாருதி 800 காலமெல்லாம் ராஜா பாட்டு ஓடினது இதுலதான்.

இன்னொரு பக்கம், 1994-ல் சுவீடனின் எரிக்சன் கம்பெனியில் ஒயர் இல்லாம கருவிகளைப் பேச வைக்கிற வேலை ஆரம்பிச்சது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராசா ஹரால்டோட பட்டப்பேரையே அதுக்கு வச்சாங்க: ப்ளூடூத், அதாவது நீலப்பல்! 2003-ல் ஸ்டீரியோ பாட்டு அனுப்பும் முறையும் (ஏ2டிபி) வந்தது. 2016-ல் ஐபோன் 7 இயர்போன் ஓட்டையையே அடைச்சதும், ஒயர் சொருகிப் பாட்டு கேட்டவங்களும் நீலப்பல்லைத் தேட வேண்டியதாச்சு.

பழைய செட்டுக்குள்ள நுழைய ரெண்டு வாசல் இருக்கு. ஒண்ணு கேசட் வாய். ப்ளூடூத் வச்ச கேசட் அடாப்டருக்குள்ள நாடாவுக்குப் பதிலா ஒரு குட்டி காந்தத் தலை. அது பாட்டுக்கேற்ப காந்தப்புலத்தை மாத்த, செட்டோட ஹெட் அதை நாடான்னே நம்பிப் படிச்சுடும்.

இன்னொண்ணு எஃப்.எம். லைட்டர் சாக்கெட்ல சொருகுற டிரான்ஸ்மிட்டர், ப்ளூடூத்தில் வாங்கின பாட்டை ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரி ஒலிபரப்பும். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் நம்ம சென்னையிலதான். இன்னைக்கு அங்க காலி அலைவரிசை தேடுறது பெரும்பாடு. பெரிய ஸ்டேஷன் நம்ம குட்டி ஸ்டேஷனை முழுங்கிடும்.

போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறிப் பாருங்க, கதையே வேற. எஃப்.எம். அலை நேர்க்கோட்டுல போறது. குறுக்கே மலை நின்னா வெளியூர் ஸ்டேஷன் மங்கிடும், நம்ம குட்டி ஸ்டேஷன் கணீர்னு கேட்கும்.

இதே மலையில, காவலூர்ல, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தாங்க. ஊர் வெளிச்சம் இல்லாத இடத்துலதான் மங்கலான நட்சத்திரம் தெரியும்னு வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. நட்சத்திரத்துக்குப் பொருந்துற நியாயம் பாட்டுக்கும் பொருந்துது பாருங்க!

ஒரே ஒரு விஷயம். ப்ளூடூத்துக்கு டவர் தேவையில்லை, ஆனா நெட்ல ஓடுற பாட்டுக்குத் தேவை. மலை ஏறுமுன்னாடியே பாட்டை போன்ல இறக்கி வச்சுக்குங்க. செட்டைக் கழட்டாதீங்க சாமி!