போஸ்பரஸ் கரையில் ஒரு மணமாளிகை



துருக்கியின் இஸ்தான்புல் நகரில், போஸ்பரஸ் நீரிணையின் ஐரோப்பியக் கரையில் ஓர்த்தாகோய் என்னும் பகுதி உள்ளது. அங்கே நீரைத் தொட்டாற்போல் நிற்கும் அழகிய பள்ளிவாசலை நாட்காட்டிப் படங்களில் நம்மில் பலர் கண்டிருப்போம். சுல்தான் அப்துல் மஜீதின் ஆட்சியில், 1850-களில் எழுந்த பள்ளி அது. அதற்கு அருகே பூச்சின்றி நிற்கும் செங்கற்கட்டடத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதுவே எஸ்மா சுல்தான் மாளிகை. இன்று அங்கே திருமணங்கள் நடைபெறுகின்றன.

எஸ்மா என்பது அஸ்மா என்னும் அரபுப் பெயரின் துருக்கிய உச்சரிப்பேயாகும். உஸ்மானிய அரச குடும்பத்துப் பெண்மக்களின் பெயருக்குப் பின்னும் ‘சுல்தான்’ என்னும் பட்டம் வரும். ஆண் என்று எண்ணிவிட வேண்டாம். இதே பெயரில் முன்னொரு இளவரசியும் வாழ்ந்தார். நாம் கூறுபவர் 1873-இல் பிறந்த, சுல்தான் அப்துல் அஸீஸின் மகள்.

1876-இல் தந்தை அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். சில நாட்களில் மரணமும் அடைந்தார். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. வளர்ந்தபின் அவருக்கு மணம் பேசி முடித்தவர் பெரிய தந்தையின் மகனான சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத். 1889-இல் செர்கஸ் மெஹ்மத் பாஷாவுடன் நிக்காஹ் நடந்தது. சர்கிஸ் பால்யான் என்னும் ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் 1875-இல் எழுப்பியிருந்த இம்மாளிகை மணப்பரிசாயிற்று. (பக்கத்துப் பள்ளிவாசலும் பால்யான் குடும்பத்தாரின் கைவண்ணமே.) மணமாகிப் பத்து ஆண்டுகளே கழிந்தன. 1899-இல், இருபத்தாறாம் வயதில், மகப்பேற்றின்போது எஸ்மா காலமானார்.

1924-இல் உஸ்மானியக் குடும்பமே நாடு கடத்தப்பட்டது. மாளிகையோ அதற்கு முன்பே கைமாறிப் பள்ளிக்கூடமாகவும், பின்னர் புகையிலைக் கிடங்காகவும், நிலக்கரிக் கிடங்காகவும் ஆனது. 1975-இல் தீப்பற்றியது. வெளிச்சுவர்கள் மட்டுமே எஞ்சின.

1990-களில் விடுதி நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. ஹலூக் செஸ்கின், பிலிப் ராபேர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் செய்த முடிவு நம்மைக் கவர்ந்தது. அழிந்துபோன தளங்களையும் வேலைப்பாடுகளையும் ஊகித்துப் போலியாக மீண்டும் செய்ய அவர்கள் முனையவில்லை. பழைய சுவர்களை அப்படியே நிறுத்தி, உள்ளே எஃகாலும் கண்ணாடியாலும் தனியொரு கட்டமைப்பை எழுப்பினார்கள். சுவருக்குப் பூச்சுமில்லை, வெள்ளையுமில்லை. 2001-இல் மண்டபம் திறக்கப்பட்டது. பழம்பெரும் பள்ளிகளைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்று தூண்களை இடித்துப் பளிங்கு ஒட்டுவோர் இதைச் சற்று நோக்கலாம்.

துருக்கியில் 1926-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்திற்குப்பின் அரசு அதிகாரி முன் பதிவாகும் திருமணமே செல்லும். 2017 முதல் முஃப்திகளுக்கும் அவ்வதிகாரம் வழங்கப்பட்டது. மாளிகை மணங்கள் வசதி படைத்தோருக்கே உரியவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. வலீ, இரு சாட்சிகள், மஹர், ஈஜாப், கபூல் என்று சில நிமிடங்களில் நிக்காஹ் நிறைவேறுவதை வாராவாரம் காணும் நமக்கு, கடற்கரை மாளிகையின் அவசியம் விளங்கவில்லைதான். ஆயினும் இடிந்து விழவிருந்த சுவர்கள் நிற்பதற்கு அவ்விருந்துகளின் வாடகையும் ஒரு காரணம் என்பதை மறுக்கவியலாது.

நிக்காஹ் பதிவேட்டில் மணமகளின் பெயரை எழுதும்போது, பதினாறு வயதில் இம்மாளிகையைப் பரிசாகப் பெற்ற அப்பெண்ணின் நினைவு நமக்கு வருவதுண்டு. அங்கே மணம் முடிப்போரின் அழைப்பிதழ்களில், இடம் என்ற வரிக்கு நேரே இன்றும் அவர் பெயர்தான் அச்சாகிறது.