ஆறாம் வாரத்தில் இரண்டு, ஒன்பதாம் வாரத்தில் ஒன்று

என் சித்தி மகளுக்கு ஐவிஎஃப் சிகிச்சைக்குப் பிறகு ஆறாம் வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே இரண்டு பை, இரண்டு கரு. வீட்டில் பெயரே யோசிக்க ஆரம்பித்துவிட்டோம். ஒன்பதாம் வாரம் ஒன்றில்தான் துடிப்பு இருந்தது. "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்றாள். பதில் தெரியவில்லை. அதற்காகத்தான் பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

ஒரு காலத்தில் இப்படி ஒரு கரு மறைவது யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆரம்ப வாரங்களில் உள்ளே எட்டிப்பார்க்க வழி இல்லையே. அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் சால்வடோர் லெவி என்ற மருத்துவர் 1976இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்து வாரத்துக்கு முன் இரட்டை என்று கண்ட கர்ப்பங்களில் 71 சதவீதம் ஒற்றைக் குழந்தையாகவே முடிந்தன! அன்றைய படங்கள் மங்கல். ரத்தத் தேக்கத்தைக்கூட இன்னொரு பை என்று எண்ணியிருக்கலாம். பின்னால் வந்த ஆய்வுகளில் விகிதம் நன்றாகவே குறைந்தது. ஆனால் மறைவது உண்மை.

1978இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தது, மருந்தால் தூண்டாமல் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையிலிருந்து. பிறகு முட்டையைத் தூண்டும் மருந்துகள் வந்தன. பல முட்டை, பல கரு. ஒன்றாவது ஒட்டட்டும் என்று இரண்டு மூன்றாக வைத்தார்கள். 1981இல் மெல்போர்னில் முதல் ஐவிஎஃப் இரட்டையர் பிறந்தார்கள். இந்தச் சிகிச்சையில் கரு உருவான நாளே தெரியும் என்பதால் ஸ்கேனும் சீக்கிரமே எடுத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் அறியாமலே கடந்துபோகும் இழப்பை இவர்கள் திரையில் பார்க்க வேண்டியிருக்கிறது. இது கொஞ்சம் கொடுமைதான்.

நின்றுபோன கருவில் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறு இருக்கும். மாடிப்படி ஏறியதாலோ குடம் தூக்கியதாலோ அல்ல. இரண்டு கரு வைத்தால் தனித்தனிப் பை, தனித்தனி நஞ்சுக்கொடி. அதனால் இவ்வளவு சீக்கிரத்தில் ஒன்று நின்றாலும் மற்றது வழக்கமாக வளர்ந்துவிடும்.

அதே பெல்ஜியம் 2003இல் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆறு சுற்று வரை ஆய்வகச் செலவை அரசு ஏற்கும். ஆனால் 36 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் சுற்றில் ஒரு கருதான். இரட்டைப் பிரசவங்கள் சட்டென்று குறைந்தன. குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சையில் மிச்சமான பணம் இந்தச் செலவுக்கு ஈடானது. பணம் கட்டி வருபவருக்கு "ஒன்று போதும்" என்று புரியவைப்பது கடினம். பெல்ஜியம் பணத்திலிருந்தே தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அப்போ அது எங்கக்கா போச்சு?" என்றாள். பெரும்பாலும் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும் என்றேன். அடுத்த ஸ்கேனுக்கு என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள்.