சேற்றுக்கும் ஒரு மேட்டிமை



‘வன்னியன்’ என்பது ஒரு காலத்தில் பட்டப் பெயர். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, மேல்பற்று என்று பிரிந்து கிடந்த நிலங்களை ஆண்ட சிற்றரசர்கள் அந்தப் பட்டத்தைத் தாங்கினார்கள். ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுக்க வேண்டியவர்கள். கொடுக்காமல் இழுத்தடித்தே காலத்தைக் கடத்தவும் தெரிந்தவர்கள். 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை அங்கிருந்து ஓடவைத்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் அவனை முறியடித்ததாக ஒரு கல்லை நாட்டிப் பெருமைப்பட்டார்கள் வெள்ளையர்கள். எதிரிகூடக் கல் நாட்டி நினைவுகூர்ந்த பெயர் அது.

அந்தப் பெயர் பிறகு என்னவாயிற்று? குடாநாட்டு வழக்கில் ‘வன்னியான்’ என்றால் எழுத்தறியாதவன், காய்ச்சற்காரன், காட்டான். ஜே.பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலைப் புரட்டினால் உடைந்த குளங்களும், காய்ச்சலும், ஆளற்றுப்போன ஊர்களுமே கண்ணில் படுகின்றன. அதே நூற்றாண்டில் குடாநாட்டில் மிஷன் பள்ளிக்கூடங்கள் பெருகின. ஆங்கிலம் படித்தவன் கொழும்புக் கந்தோருக்கும் மலாயாவுக்கும் போனான். கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழி பிறந்தது இந்தச் சூழலில்தான். ஒருவனை அளக்கும் கோல் உத்தியோகமும் படிப்புமாக மாறியபோது, அந்தக் கோலால் அளக்கப்பட்ட வன்னியின் கமக்காரன் குள்ளனாகிப் போனான். அவன் தாழ்ந்ததால் அல்ல, கோல் மாறியதால்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த மேட்டிமை. மேலிருந்து கீழே பார்ப்பது. இன்றைய உரையில் நான் பேச வந்தது அதன் மறுபக்கத்தை. கீழே இருப்பதாகக் காட்டிக்கொண்டு, மேலே இருப்பவனை ஏளனமாகப் பார்க்கும் மேட்டிமை ஒன்றும் உண்டு. ‘நாங்கள் சேற்றில் நிற்கிறவர்கள், உங்களைப்போல வேட்டி கசங்காமல் இருப்பவர்கள் அல்லர்’ என்ற குரல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அதைச் சொல்பவர் யார் என்று பார்த்தால்தான் சங்கடம் தொடங்கும்.

கிளிநொச்சியின் கதையோடு சேர்த்துப் பார்ப்போம். இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கியது. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்தது. 1930களில் குடியேற்றங்கள் வேகம்கொண்டன. 1935 இல் வந்த காணி அபிவிருத்திச் சட்டம் காணி பெறத்தக்கவர்களில் கமக்காரரையும் ‘மத்திய வகுப்பு’ இலங்கையரையும் தனித்தனியாகப் பிரித்துப் பெயர் சொல்லிற்று. ஏழைக்குச் சிறு துண்டு. மத்திய வகுப்பாருக்குப் பெரிய துண்டு. வகுப்பு என்பதை நாம் மனத்தில் இருக்கும் எண்ணமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். வன்னியில் அது நில அளவையாளரின் சங்கிலியோடு வந்து, எல்லைக்கல்லாக மண்ணிலே இறங்கியது.

பெரிய துண்டு பெற்ற பலர் குடாநாட்டில் வீடும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும், ஓர் உத்தியோகமும் உள்ளவர்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் புகையிரதத்தில் வந்து இறங்குவார்கள். வந்திறங்கியதும் சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றி, வரம்பிலே நின்று ‘நாங்கள் கமக்காரர்’ என்று சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் அவர் மாஸ்டர், அல்லது கிளாக்கர். கொழும்பில் மேசைக்குப் பின்னால் இருக்கும் மைத்துனரை மட்டந்தட்ட வன்னிச் சேறு அவருக்குக் கைகொடுத்தது. மைத்துனரின் பிள்ளையைவிடத் தன் பிள்ளை குறைவாகப் படித்துவிடக் கூடாது என்பதிலும் அவர் கவனமாகவே இருந்தார். இவர்களை நான் கேலி செய்வதாக எண்ணவேண்டாம். உழைத்தவர்கள் பலர் இருந்தார்கள். 1960களில் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் குடியேறிய படித்த வாலிபர்கள் யானையோடும் காய்ச்சலோடும் போராடியே அந்த நிலத்தை வெட்டினார்கள். 1970க்குப் பின் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில் அவர்களிற் சிலர் கண்ட இலாபம் எந்தக் கிளாக்கரையும் பொறாமைப்பட வைத்தது. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்தச் செழிப்பு ஆட்டம் கண்டது.

இப்பெருமிதம் நமக்கு மட்டும் உரியதல்ல. பெருநிலப்பிரபுவான டால்ஸ்டாய் குடியானவர் மேலங்கி அணிந்து ஏர் பிடித்தார். அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனாலும் அந்த ஏரை எந்த நேரத்திலும் கீழே வைக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. நமது மரபிலேயே பாருங்கள். கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் ஏரெழுபது ஏரின் ஒவ்வோர் உறுப்பையும் புகழ்கிறது. புகழ் போய்ச் சேர்வது வேளாளருக்கு. அவர்களின் வயலில் கூலிக்கு ஏர் பிடித்தவனுக்கு அதில் எத்தனை பாட்டு?

இலக்கியத்திலும் இது நடந்தது. 1960களில் ஈழத்து எழுத்தாளர்கள் பேச்சுத் தமிழைக் கதைக்குள் கொண்டுவந்தபோது பண்டிதர் சிலர் ‘இழிசனர் வழக்கு’ என்று முகம் சுளித்தார்கள். அந்தச் சொல்லுக்கு எதிராக நம்மவர் நடத்திய போராட்டம் மிகவும் வேண்டியதாகவே இருந்தது. அதன் பலனாக மண்வாசனை என்ற சொல் மரியாதை பெற்றது. தண்ணிமுறிப்புக் காட்டோரத்தை வைத்து அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973 இல் வந்தபோது, வன்னி மனிதர் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து நாவலுக்குள் நடந்தார்கள் என்று சொல்லுமளவுக்கு வரவேற்புப் பெற்றது. நிருவாக அதிகாரியாக வன்னியை அறிந்த செங்கை ஆழியான் ‘காட்டாறு’ நாவலில், வெள்ளந்தியான கிராமம் என்ற படத்தைக் கிழித்து, அதற்குள் யார் யாரைச் சுரண்டுகிறார் என்று காட்டினார். ஆனால் இவற்றின் நிழலில் எழுதப்பட்ட எத்தனையோ கதைகளில், படித்தவன் என்றால் வஞ்சகன், படியாதவன் என்றால் வெள்ளை மனத்தான் என்பது ஒரு வாய்ப்பாடாகிப் போயிற்று. ‘காட்டான்’ என்று இகழ்ந்ததும் அவனை முழு மனிதனாகப் பார்க்கவில்லை. ‘காட்டு மலர்’ என்று புகழ்ந்ததும் பார்க்கவில்லை.

நேயர்களே, இந்த இரண்டு மேட்டிமைக்கும் வெளியே நின்ற ஒருவர் வன்னியில் இருந்தார். நாற்று நட்டவர், களை பிடுங்கியவர், மிளகாய் ஆய்ந்தவர். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் வன்செயல்களுக்குத் தப்பியும், 1970களின் தோட்டப் பஞ்சத்துக்குத் தப்பியும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கி வைத்திருந்தது. குடியுரிமை இல்லாதவருக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி அனுமதிப்பத்திரம் இல்லை. ஆகவே கூலி. குடாநாட்டவர் வன்னியாரை ‘காட்டான்’ என்றார்கள். அந்தச் சொல்லால் காயப்பட்டவர்களே இவர்களை ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். காட்டுக்கு முன்னால் ஒரு தோட்டம் சேர்ந்ததும் ஏச்சு ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. சேற்றில் நிற்பதுதான் பெருமை என்றால் இவர்கள்தான் ஊரிலே முதல் மரியாதைக்கு உரியவர்கள். அந்த மரியாதை அவர்கள் பக்கம் வரவேயில்லை. மண்ணின் மைந்தன் என்ற பட்டம் காணி உறுதி வைத்திருந்தவரோடு நின்றுவிட்டது.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் விடுவது அநீதி. வவுனியாவில் மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் 1970களில் தொடங்கிய காந்தீயம் இயக்கம், இந்த மக்களை அகதிகளாக அல்லாமல் குடிகளாக இருத்த முயன்றது. படிப்பும் வருமானமும் உள்ளவர்கள் எளிமையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அதையும் ஒரு வேடம் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. இராஜசுந்தரம் 1983 ஏப்ரிலில் கைதாகி, யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட்டும் அதே சிறைக்குள் இருந்து உயிர் தப்பியவர். எளிமையைப் பற்றிப் பேசியவர்களைவிட, காணியைப் பற்றிப் பேசியவர்கள் கொடுத்த விலை பெரிது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்து, ஒருகாலத்தில் தாம் இகழ்ந்த காட்டு மரங்களின் கீழே கொட்டில் போட்டார்கள். அப்போது வன்னியார் சிலரது பேச்சில், பழைய கணக்கைத் தீர்க்கும் ஒரு தொனி இருந்தது. பெரும்பாலோர் கணக்குப் பார்க்காமல் கிணற்றைத் திறந்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

இப்போது குடியுரிமைச் சிக்கல் சட்டத்தின் முன் தீர்ந்துவிட்டது. 2003 இன் சட்டம் மிச்சமிருந்தவர்களையும் குடிகளாக்கியது. காணிப் பத்திரம் பற்றிய முறைப்பாடுகள் 2009க்குப் பின்னும் எழுந்தன. பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் கிருஷ்ணபுரத்திலும் பிறந்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை போகிறார்கள். ஊரைக் கேட்டால் ‘கிளிநொச்சி’ என்கிறார்கள். கேட்டவர் அத்தோடு விடுவதில்லை.

“கிளிநொச்சியிலை எவடம், தம்பி?”